துணி போன வழி: ஒரு பிசினஸ் அனலிஸ்டின் திருப்பூர்க் குறிப்புகள்

மீட்டிங் ரூமில் யாரும் பொய் சொல்வதில்லை. முதலாளி, அவர் மகன், ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர், அக்கவுண்ட்ஸ் மேனேஜர் எல்லாரும் வந்து உட்கார்ந்து, டீ வந்து, "எங்க பிராசஸ் இப்படித்தானுங்க" என்று ஆரம்பிக்கும்போது ஒவ்வொருவரும் நம்பித்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது, வேலை எப்படி நடக்கவேண்டும் என்று எப்போதோ பேசி முடிவு செய்த கதை. நேற்று ராத்திரி ஏழு மணிக்கு என்ன நடந்தது என்பது அந்த ரூமுக்குக் கூப்பிடப்படாத ஒருத்தருக்குத்தான் தெரியும். பெரும்பாலும் அவர் கோடவுனில் இருப்பார்.

நான் கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பிசினஸ் அனலிஸ்ட். ஒரு கம்பெனியில் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டறிந்து, அதற்கு சாஃப்ட்வேர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவது என் வேலை. எங்களுக்கு வேலை தருபவர்கள் பெரும்பாலும் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் "என்ன டூல் கத்துக்கணும் அக்கா" என்று கேட்கிறார்கள். டூல் பற்றிக் கடைசியில் இரண்டு வரி சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

திருப்பூர் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எக்ஸ்போர்ட் கம்பெனி என்றால் ஒரு வாசலில் நூல் போய் இன்னொரு வாசலில் டி-ஷர்ட் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாவற்றையும் சொந்தமாக வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் நான் போகும் இடங்கள் அப்படி இல்லை. நூலை வாங்கி நிட்டிங்குக்குக் கொடுப்பார்கள். அங்கிருந்து சாயப்பட்டறை, பிறகு காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்க முன்பே அமுக்கிச் சுருக்குவது), டிசைன் இருந்தால் பிரிண்டிங். கட்டிங் மட்டும் சொந்த இடத்தில். தையலில் பாதி உள்ளே, மீதி வெளியே பவர் டேபிளில், அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் இடங்களில். அப்புறம் செக்கிங், அயர்னிங், பேக்கிங். பொருள் ஒருத்தருடையது, அதில் வேலை செய்கிறவர் இன்னொருத்தர்; அவர்தான் ஜாப்வொர்க்கர். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டெலிவரி சலான், ஊர் வழக்கில் டிசி. ஜிஎஸ்டி விதிப்படி அது மூன்று நகல்: பெறுபவருக்கு ஒன்று, வண்டியோடு போக ஒன்று, அனுப்பியவர் கையில் ஒன்று.

ஒரு பனியன் கம்பெனியைப் புரிந்துகொள்ள இந்த டிசியின் பின்னாலேயே போவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பத்து லாட் (ஒன்றாகச் சேர்ந்து போகும் துணித் தொகுதி) வேண்டாம், ஒன்று போதும். நூல் வந்த நாளிலிருந்து கார்ட்டன் பெட்டி ஏறிய நாள்வரை அந்த ஒரு லாட்டின் எல்லாக் காகிதங்களையும் தேடி எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் காகிதம் இல்லையோ, எந்த இடத்தில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதோ, அங்கேதான் நமக்கு வேலை.

ஒரு கம்பெனியில் புகார் இப்படி வந்தது: "கோடவுன்ல துணி குறையுது. ஸ்டாக் ரிப்போர்ட்டை சரி பண்ணிக் குடுங்க." பழைய சாஃப்ட்வேர் யாரோ செய்தது, எங்களுடையது அல்ல. மீட்டிங்கில் கிடைத்த விவரம் தெளிவாகத்தான் இருந்தது: நிட்டிங்கிலிருந்து துணி கோடவுனுக்கு வரும், எடை போட்டு இன்வர்டு (உள்ளே வந்த பதிவு) போடுவார்கள், பிறகு சாயத்துக்கு அவுட்வர்டு (வெளியே போன பதிவு). கோடவுன்காரர் எடையைச் சரியாகப் பார்ப்பதில்லை என்ற எண்ணம் அந்த ரூமில் எல்லாருக்கும் இருந்தது. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு லாட்டை எடுத்துக்கொண்டேன். டேட்டாபேஸில் பார்த்தால் இன்வர்டு மாலை 6.42, எடை 640.250 கிலோ. அவுட்வர்டு 6.44, அதே 640.250 கிலோ. அறுநூற்றுச் சொச்சம் கிலோ துணி என்றால் இருபத்தைந்து, முப்பது ரோல் வரும். இரண்டே நிமிடத்தில் அத்தனை ரோலை இறக்கி, எடை போட்டு, திரும்ப ஏற்றி அனுப்பிவிட்டார்களாம்! மற்ற லாட்டுகளையும் பார்த்தேன். எல்லாம் அதே கதைதான், மாலையில், அடுத்தடுத்து, கிராம் பிசகாமல்.

அடுத்து, சரக்கு வண்டிக்காக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் இ-வே பில்லைப் பார்த்தேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே போனாலும் சரக்கு மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். அந்த லாட் தாண்டியிருந்தது. அதில் ஏற்றிய இடம் அனுப்பர்பாளையம், இறக்கும் இடம் அருள்புரம். கோடவுனோ காங்கேயம் ரோட்டில் இருக்கிறது. திருப்பூர் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு, மூன்றும் ஊரின் வேறு வேறு பக்கம். அவினாசி ரோட்டில் ஏற்றிய துணியை எதற்காகக் காங்கேயம் ரோடுவரை கொண்டுபோய், மறுபடியும் பல்லடம் ரோட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்? டெம்போ வாடகை யார் தருவார்?

கோடவுன் பொறுப்பில் இருந்த பெரியவரிடம் போனேன். கேள்வி கேட்கவில்லை, அந்த இரண்டு நேரத்தை மட்டும் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"அது எங்கீங்க அம்மணி இங்க வருது? நிட்டிங்ல ஏத்துனா நேரா சாயத்துக்குத்தான். சாயங்காலம் அவன் எடையை வாட்ஸ்அப்ல போடுவான். உள்ள இருக்கற பொண்ணு அதைப் பாத்து வரவும் போட்டு, பற்றும் எழுதிரும்."

"அப்ப சாயப்பட்டறையில எடை போடுவாங்களா ஐயா?"

"போடாம? அங்க போட்டா அவன் அறுநூத்தி முப்பத்தொண்ணும்பான். இவன் அறுநூத்தி நாப்பதும்பான். நடுவுல இருக்கறது நானு."

சொல்லிக்கொண்டே மேசை டிராயரிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தார். இடது பக்கம் நிட்டிங் எடை, வலது பக்கம் சாயப்பட்டறை எடை, நடுவில் சிவப்பு மையில் வித்தியாசம். தேதி, வண்டி நம்பர், யாரிடம் பேசினார் என்பதுவரை இருந்தது. கம்பெனி எந்த ரிப்போர்ட்டைக் கேட்டதோ, அது பல வருஷமாக அந்த டிராயரில்தான் இருந்திருக்கிறது. யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. "கேட்டா, இது எதுக்கு எழுதறன்னு கேப்பாங்க" என்றார்.

சட்டத்தில் இதற்குத் தடை ஒன்றும் இல்லை. ஒரு ஜாப்வொர்க்கர் இன்னொரு ஜாப்வொர்க்கருக்கு நேராக அனுப்பலாம், அதற்குரிய சலானோடு. பழைய சாஃப்ட்வேரில்தான் அப்படி ஒரு வழி இல்லை. எதுவாக இருந்தாலும் கோடவுனுக்குள் வந்துதான் வெளியே போக வேண்டும் என்று யாரோ ஒருவர் ஏசி ரூமில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அதனால் வராத துணிக்கு வரவு வைக்க வேண்டியதாயிற்று. வரவு வைத்தபின் ஒன்பது கிலோ குறைந்தால் பழி கோடவுன் தலையில்.

இதோடு ஜிஎஸ்டியின் ஐடிசி-04 படிவக் கணக்கும் சேர்ந்துகொண்டது. ஜாப்வொர்க்குக்கு அனுப்பியது, திரும்பி வந்தது எல்லாவற்றையும் அந்தப் படிவத்தில் காட்ட வேண்டும். ஐந்து கோடிக்கு மேல் டர்ன்ஓவர் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஏப்ரல் 25, அக்டோபர் 25 என்று கெடு. அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை வேறு. அந்தப் படிவத்தில் நஷ்டம், கழிவுக்கென்றே தனி இடம் இருக்கிறது. சாயத்தில் துணி எடை குறைவது இயல்புதான். வெள்ளைக்கு ஒரு அளவு, டார்க் கலருக்கு ஒரு அளவு, பயோவாஷ் என்ற நொதிச் சலவை போட்டால் இன்னும் கொஞ்சம். ஆனால் எந்தக் கைமாற்றத்தில் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தால்தானே அதை நிரப்ப முடியும்? அக்கவுண்ட்ஸ் மேனேஜர் கெடு நெருங்கும் வாரத்தில் தூங்குவதே இல்லை என்று சொன்னதன் வேர் இங்கே இருந்தது.

கடைசியில் நாங்கள் ஸ்டாக் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. ஒரு புது ஸ்கிரீன் போட்டோம்: ஜாப்வொர்க்கரிடமிருந்து ஜாப்வொர்க்கருக்கு. இரண்டு எடை, இரண்டு பேர், ஒரு வித்தியாசம். வரம்புக்குள் இருந்தால் அப்படியே முடியும். தாண்டினால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும்வரை அந்த லாட்டின் நிட்டிங் பில் பாஸ் ஆகாது. வரம்பு என்ன என்பதை முடிவு செய்யத்தான் நிறைய நேரம் பிடித்தது. அதற்கு அடிப்படையாக இருந்தது பெரியவரின் நோட்டு. அவரைக் கேட்டுத்தான் மீட்டிங்கில் காட்டினேன். அவரையும் வரச்சொல்லிக் காட்டினேன்.

இனி, எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.

"வழக்கமா என்ன பண்ணுவீங்க?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் வழக்கம் வரும், நடந்தது வராது. "கடைசியா வந்த லாட் எதுங்க, அதோட டிசியைக் காட்டுங்க" என்பேன். கையில் காகிதம் வந்துவிட்டால் மனுஷர் தானாகப் பேசுவார். "இதுல ஏன் அடிச்சு எழுதியிருக்கு?" என்று கேட்டால் அரை மணி நேரம் கதை வரும். அடித்தல் திருத்தல் இருக்கிற டிசி கிடைத்தால் எனக்குச் சந்தோஷம். சுத்தமான டிசி ஒன்றும் சொல்லாது.

நேரம் பார்த்துப் போக வேண்டும். திருப்பூரில் காலை எட்டரைக்கு ஷிஃப்ட் ஆரம்பம், சாயங்காலம் ஐந்தரைவரை ஒரு ஷிஃப்ட், ஒன்பதுவரை இருந்தால் ஒன்றரை ஷிஃப்ட். சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை மதியத்துக்குமேல் யாரிடமும் ரெக்வயர்மென்ட் (சாஃப்ட்வேரில் என்ன வேண்டும் என்று) கேட்கப் போகாதீர்கள், டீகூடக் கிடைக்காது. ஷிப்மென்ட் கிளம்பும் ராத்திரி மட்டும், தொந்தரவு செய்யாமல் ஓரமாக உட்கார அனுமதித்தால் கட்டாயம் போய் உட்காருங்கள். அன்றைக்குத்தான் விதிகள் எல்லாம் உடையும். எந்த விதியை எவ்வளவு தயங்காமல் உடைக்கிறார்கள் என்று பார்த்தாலே, சிஸ்டத்தில் எது கட்டாயமாக இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று தெரிந்துவிடும்.

லேப்டாப் வேண்டாம். லேப்டாப்பைத் திறந்தால் ஆடிட் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நோட்டும் பேனாவும் போதும். சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள், காலண்டரில் வட்டம் போட்ட தேதியைப் பாருங்கள், கம்ப்யூட்டர் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிய சீட்டுகளைப் பாருங்கள். வாட்ஸ்அப் குரூப்பையும் பார்க்கக் கேளுங்கள். லட்சக்கணக்கில் செலவு செய்த ஈஆர்பி (கம்பெனி முழுவதையும் நடத்தும் சாஃப்ட்வேர்) ஒரு பக்கம் இருக்க, கம்பெனியை உண்மையில் ஓட்டுவது "கட்டிங் அர்ஜென்ட்" என்ற பெயரில் இருக்கும் ஒரு குரூப்பாக இருக்கும். அதில் வரும் வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டால் எந்தத் தகவல் யாருக்கு, எப்போது தேவைப்படுகிறது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, கணக்கு. தொழில் கணக்கைக் கையால் போடத் தெரியாமல் அந்தத் தொழிலுக்கு அனலிஸ்டாக இருக்க முடியாது என்பது என் பிடிவாதம். உதாரணமாக ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி என்ற கணக்கு. உடல் நீளமும் கை நீளமும் தையலுக்கு விடுவதும் சேர்த்து 104 செ.மீ. என்று வையுங்கள். பாதி மார்பு அகலம், தையலுக்கு விடுவதோடு 57. முன் பின் என்று இரண்டு. துணி 160 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 160 கிராம். 104-ஐ 57-ஆல் பெருக்கி, இரண்டால் பெருக்கி, 160-ஆல் பெருக்கி, பத்தாயிரத்தால் வகுத்தால் 190 கிராமுக்குக் கொஞ்சம் கீழே வரும். மெர்ச்சண்டைசர் காஸ்டிங்கில் போடுவது இதைத்தான், மேலே வேஸ்டுக்கு இத்தனை சதவீதம் என்று சேர்த்து.

கட்டிங் மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "பத்தலீங்க" என்றார். மேனேஜருக்கு அவர்மேல் கோபம். துணியை வீணாக்குகிறார் என்று. நான் மாஸ்டரிடமே போய் அந்த வட்டக் கட்டரை வாங்கிப் பார்த்தேன். துணிமேல் வைத்து அமுக்கித் திருகினால் நூறு சதுர செ.மீ. வட்டமாக ஒரு துண்டு வரும். அதைத் தராசில் வைத்து, வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். தராசு 1.68 காட்டியது. 168! அதே கணக்கை 168 வைத்துப் போட்டால் ஒரு பீஸுக்கு 199 கிராம். பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் வித்தியாசம் 95 கிலோ. கட்டிங்கில் ஒரு இஞ்ச் துணிகூட வீணாகவில்லை. காம்பாக்டிங்கிலிருந்து துணியே கனமாக வந்திருக்கிறது. கட்டிங் மாஸ்டருக்கு இது தெரியும். ஆனால் கம்ப்யூட்டரில் அதைச் சொல்ல அவருக்குக் கட்டம் இல்லை; "எக்ஸ்ட்ரா துணி தேவை" என்ற ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, அதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட மேனேஜருக்கு ஓர் இடம். காம்பாக்டிங் இன்வர்டிலேயே ஜிஎஸ்எம் பதிய வேண்டும் என்று நான் எழுதிய ரெக்வயர்மென்ட் ஒரு வரிதான். இந்தக் கணக்கு தெரியாமல் போயிருந்தால் "எக்ஸ்ட்ரா துணி அப்ரூவல் வொர்க்ஃப்ளோ" என்று முப்பது பக்கம் எழுதியிருப்பேன், முதலாளியும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

டாக்குமென்ட் எழுதுவதைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு இல்லை. சின்னதாக எழுதுங்கள். படம் போடத் தெரிந்தால் போடுங்கள். ஒவ்வொரு விதிக்கும் கீழே ஓர் உண்மையான உதாரணம் வையுங்கள், உண்மையான எடையோடு. டெஸ்டிங்குக்கும் கற்பனை டேட்டா வேண்டாம். போன வருஷம் போன ஒரு ஆர்டர் ஃபைலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புது சிஸ்டத்தில் ஏற்றிப் பாருங்கள். நடுவில் ஷேடு மாறியதால் திருப்பி அனுப்பிய லாட் இருக்கிற ஃபைலாகப் பார்த்து எடுங்கள். அது உள்ளே போய் வெளியே வந்துவிட்டால் மற்றதெல்லாம் போகும்.

டெவலப்பர்களை ஒரு நாளாவது கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் டீமில் ஒரு தம்பி, நல்ல புத்திசாலி, எடைக் கட்டத்தில் தசமமே வராத மாதிரி முழு எண்ணாக வைத்திருந்தான். நான் மெயில் எழுதி விளக்கலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் தராசுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ரோல் ஏறி எண்கள் ஓடி 22.350-ல் நின்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். அதற்கப்புறம் அவனாகவே ஒரு விஷயம் கண்டுபிடித்தான்: எடை சொல்பவர் தராசருகே, டைப் செய்பவர் பத்தடி தள்ளி, நடுவில் மெஷின் சத்தம். எழுபத்தெட்டு எண்பத்தெட்டாகப் போய் விழும் இடம் அது. எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

சர்டிஃபிகேட் கேட்பவர்களுக்கு: ஐஐபிஏ என்ற பிசினஸ் அனலிஸ்டுகளின் சர்வதேச அமைப்பின் சிபிஏபி தேர்வு எழுத வேண்டுமானால் கடந்த பத்து வருஷத்தில் 7,500 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும். வெளிநாட்டு கிளையன்ட், பெரிய வங்கி என்று போகிறவர்களுக்குப் பயன்படும். எக்செல் கட்டாயம், டேட்டாபேஸில் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் கொஞ்சமாவது தெரிய வேண்டும். மேலே சொன்ன 6.42-ஐயும் 6.44-ஐயும் யாரும் எனக்கு எடுத்துத் தரவில்லை. நாலு வரி குவெரி எழுதி நானே எடுத்தது. மீட்டிங்கில் பேசியதை ஏஐ சுருக்கித் தருகிறதே என்கிறார்கள். தரட்டும், நானும் பயன்படுத்துகிறேன். மீட்டிங்கில் பேசியதைத்தான் அது சுருக்கும்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சண்டையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். முதலாளியின் மகன் எம்பிஏ படித்துவிட்டு வந்திருக்கிறார், நல்ல பையன். ஒவ்வொரு ரோலையும் தனித்தனியாக என்ட்ரி போட வேண்டும், எந்த ரோல் எந்த பீஸானது என்று பையர் கேட்டால் காட்ட வேண்டும் என்கிறார். ஆசையில் தப்பில்லை. நான் எந்தப் புதுக் கட்டத்துக்கும் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன்: இதை யார் நிரப்புவார், எந்த நேரத்தில், நிரப்பினால் அவருக்கு என்ன கிடைக்கும்? இங்கே நிரப்பப்போவது அந்த உள்ளே இருக்கிற பெண். ஒரு லாட்டுக்கு இப்போது அடிக்கும் ஒரு வரி முப்பது வரியாகும். ஒன்பது மணிக்குக் கிளம்புகிற பெண் பத்து மணிக்குக் கிளம்புவாள். பஸ் கிடைக்காது. அல்லது மொத்த எடையை முப்பதால் வகுத்து, எல்லா ரோலுக்கும் ஒரே எடையைப் போட்டுவிட்டு ஒன்பதுக்கே கிளம்புவாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

சாயப்பட்டறை டிசியோடு ரோல் வாரியாக எடைச்சீட்டு ஒன்று பிரிண்ட் ஆகித்தான் வருகிறது. அவர்களிடமிருந்து அதையே ஃபைலாக வாங்கினால் யாரும் டைப் அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சாயப்பட்டறைக்காரர் தரச் சம்மதம்தான், ஆனால் அவர் சாஃப்ட்வேர்காரர் போன் எடுப்பதில்லை. மகன் ஒரு மாதம் பார்க்கலாம், இல்லையென்றால் டைப் அடிக்கட்டும் என்கிறார். நாளைக்கு அருள்புரம் போகிறேன்.